போகப் போகப் பிடிக்கும்

நீங்கள் எல்லோரும் என்னைவிட அதிகம் படித்துவிட்டு, கார் திருத்தும் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். காரில் கணினியைச் செருகி, அதற்கு என்ன வருத்தம் என்று அதனிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறீர்கள். ஆகவே டிஸ்க் எப்படி வேலை செய்கிறது, ஸ்பிரிங்கை எப்படிக் கழற்ற வேண்டும் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எனக்கே கொட்டாவி வரும்.

நான் எழுதப்போவது காரோடு கூட வரும் மனிதர்களைப் பற்றி. நாங்கள் குடியேறிய இந்த நகரத்தின் தொழிற்பேட்டையான பென்ரோஸில், கண்டெய்னர் லொறிகள் நாள் முழுக்கத் தூசி கிளப்பும் ஒரு தெருவில், குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனும் பிரேக்கும் மட்டுமே பார்க்கும் சின்னக் கராஜில் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. வருகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் காரை ரேஸ் காராக மாற்றித் தரச்சொல்லி வருவார்கள். மீதிப் பேர் அந்தப் பாதிப் பேரின் மனைவிமார். முறைப்பாடு சொல்ல வருவார்கள். இப்போது மவுண்ட் ரோஸ்கில் வீட்டில் ஓய்வாக இருக்கிறேன். கால் மட்டும் இன்னும் ஓய்வுபெறவில்லை. பஸ்ஸில் போகும்போதும் சாரதிக்கு முன்னால் என் கால்தான் பிரேக் போடுகிறது. பக்கத்து சீட்டுக்காரர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

முதலில் ஒரு சின்னக் கதை. மன்னாரைச் சேர்ந்த ஒருவர், தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசைக்காரர், பெரிய பிரேக் போட்டுத் தரும்படி கேட்டு வந்தார். அவருடைய காரைப் பார்த்தேன். மார்க்கெட்டுக்கும் தேவாலயத்துக்கும் போய் வரும் சாதுவான கார். இருக்கிற பிரேக்கே தாராளம் என்றேன். மனிதரின் முகம் விழுந்துவிட்டது.

“அப்ப அந்தச் சில்லுக்குள்ளை தெரியிற சாமானுக்குச் சிவப்பெண்டாலும் அடிச்சு விடுங்கோ அண்ணை.”

சக்கரத்துக்குள் தெரியும் பிரேக்கின் வெளிப்பக்கத்துக்குச் சிவப்பு அடித்துவிட்டோம். வெறும் பெயின்ட். அடுத்த கிழமை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணை, முந்தி மிதிச்சால் யோசிச்சு யோசிச்சு நிண்டது. இப்ப மிதிச்ச உடனை நிக்குது” என்றார். பெயின்ட் நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று நான் பதில் சொன்னேன். அதையும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு போனார்.

ஆசைப்பட்டு வாங்கிய சாமானைப் பற்றி ஒருவர் தரும் நற்சான்றில் அரைவாசியைத்தான் நம்பலாம். ஆசைப்படாமல் அதில் ஏறி உட்கார வேண்டியிருக்கிற ஆள் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். கேட்டால் மட்டும் போதாது, என்ன சொல்லில் சொல்கிறார் என்றும் கவனியுங்கள். இந்த இரண்டாவது பகுதியை நான் படித்தது ஒரு குப்பைத் தொட்டியின் மேல் ஏறி நின்றபோது.

தினகரன் கோயம்புத்தூர்க்காரர். ஐடி வேலை, புறநகரான தகனினியில் புது வீடு, ஜப்பானில் ஓடிக் களைத்துக் கப்பலேறி வந்த வெள்ளை நிற ஐந்து கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று. வீட்டில் வேறு கார் கிடையாது. அலுவலக நண்பர்கள் சிலர் தெற்கே உள்ள ரேஸ் ட்ராக்கில் விடுமுறை நாட்களில் கார் ஓட்டுவார்கள். அவர்களோடு ஒருமுறை போய்வந்ததிலிருந்து மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கராஜுக்குள் வரும்போதே கண்ணில் அந்தப் பளபளப்பு இருந்தது. அது உங்களுக்கும் சீக்கிரம் பழகிவிடும்.

“அண்ணா, வண்டி ரோட்டுலயும் ஓடணும், ட்ராக்குலயும் ஓடணும். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே செட்டப்பா பண்ணிக் குடுங்க.”

“கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் ஒரே சேட்டைப் போடலாம் எண்டு சொல்லுறீர்.”

“வெள்ளைச் சட்டைன்னா போடலாமேங்கண்ணா.”

பதில் சரிதான். எனக்கு ஆளைப் பிடித்துப்போனது. என் வயதுக்கு அவர் மாமா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். அண்ணா என்றதில் நான் கொஞ்சம் உருகியும் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“சரி, இதை ஆர் ஓட்டுறது?” என்று கேட்டேன்.

“நான் மட்டும்தாங்கண்ணா. சுகந்தி ஹாஸ்பிடலுக்கு பஸ்லதான் போறா.”

சுகந்தி அவருடைய மனைவி. நர்ஸ். மூலையில் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தி, “எனக்கு இதெல்லாம் பிடிக்கலைங்க அண்ணா. இவர் ஆசைப்படறார், செய்யுங்க” என்றார். இந்தப் ‘பிடிக்கல’வை நினைவில் வைத்திருங்கள். இதுதான் முதலாவது.

இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்த சஸ்பென்ஷனைப் போட்டோம். காரின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்ததற்குச் சட்டப்படி எடுக்க வேண்டிய சான்றிதழையும் எடுத்துக் கொடுத்தோம். ரோட்டுக்கு இது போதும் என்று திருகை நடுவில் வைத்து அனுப்பினேன். எங்கள் தெரு முனையில் சிவப்பு விளக்கு பச்சையாவதற்குள் அவர் இறங்கிப் பொனட்டைத் திறந்து அதை இறுக்கி முடித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை சுகந்தி பட்டுச்சேலையோடு கராஜுக்கு வந்தார். பின்னால் தினகரன், தலையைக் குனிந்துகொண்டு. கோயில் அன்னதானத்துக்குச் சாம்பார் செய்து, பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தகனினியில் தெருவுக்குத் தெரு வேகத்தடை. சுகந்தி எண்ணெயும் கிரீஸும் கிடந்த என் மேசைக்கு முன்னால் நின்று முந்தானையை விரித்துக் காட்டினார்.

“இது என்னன்னு பாருங்கண்ணா.”

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். “முருங்கைக்காய்.”

“எனக்கு இந்த சஸ்பென்ஷன் பிடிக்கல.”

நான் திருகைத் தளர்த்திவிட்டேன். தினகரன் வீட்டுக்குப் போய் இறுக்கினார். பிறகு சில வாரங்கள் கழித்துச் சுகந்தியோடும் கவலையோடும் வந்தார். “அண்ணா, இந்தச் சாமான் தானா லூஸ் ஆகுதுங்க. ராத்திரி டைட் பண்றேன், காலையில பார்த்தா மெத்துனு இருக்கு. கம்பெனிக்கு எழுதலாமா?”

நானும் மடையன் மாதிரி அரைநாள் திருகைத் திருகித் திருகிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அன்று அவர் கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்துச் சுகந்தி என் பக்கம் சாய்ந்து, “தேடாதீங்கண்ணா. நான்தான் குறைக்கிறேன். ட்ரிப்ஸ் ஏத்தும்போது வேகத்தைக் குறைக்கிற மாதிரிதானே, ஒண்ணும் கஷ்டமில்ல” என்றார். கம்பெனிக்கு எழுத வேண்டாம், சில சாமான் வீட்டுச் சூழலுக்கு ஏற்ப இளகும் என்று நான் தினகரனிடம் சொல்லி அனுப்பினேன். அது பொய்யில்லை.

இப்படியே சைலன்சர் சத்தம் பிடிக்கல, உயரமான கரை வைத்த புது சீட் பிடிக்கல என்று பட்டியல் நீண்டது. தினகரனுக்கு அது பழகிவிட்டது. மனைவி பிடிக்கல என்றால் அவரிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. “போகப் போகப் பிடிக்கும்.” கல்யாணத்தின்போது அவரைப் பற்றியும் பெண் வீட்டில் இதையேதான் சொன்னார்களாம். சுகந்தியே எனக்குச் சொன்னது.

பிறகு பிரேக். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பேட் ட்ராக்கில் காய்ந்து புகைவதாகவும், வேறு வேண்டும் என்றும் தினகரன் கேட்டார். நல்லதாக ஒன்று தருவிக்கிறேன், பொறும் என்றேன். பொறுக்கவில்லை. ட்ராக் நண்பர் ஒருவர் தன்னிடம் இருந்த பேட்களைக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை தினகரன் வீட்டு முற்றத்திலேயே மாட்டியும் விட்டார். அடுத்த முறை ட்ராக்கில் கார் அப்படி நின்றதாம், இப்படி நின்றதாம். எனக்குப் போனில் வர்ணித்தார்.

அதே மாதம் சுகந்திக்கு விடியற்கால ஷிஃப்ட் கிடைத்தது. அவர் கேட்டுக் கேட்டு வாங்கிய ஷிஃப்ட். மத்தியானம் வேலை முடிந்துவிடும், மகளைப் பள்ளியிலிருந்து தானே கூட்டிவரலாம். ஆனால் அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. தினகரன் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர். ஆகவே காரைச் சுகந்தி எடுத்தார். ஆறு வயது மகளைப் பின்னால் உட்காரவைத்து, வழியில் காலை நேரக் காப்பகத்தில் விட்டுவிட்டு, மோட்டர்வேயில் ஏறி ஆஸ்பத்திரிக்கு. நான் கேட்ட கேள்விக்கு ‘நான் மட்டும்தாங்கண்ணா’ என்று வந்த பதில் இப்போது காலாவதியாகிவிட்டது. இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்கே அது தோன்றவில்லை.

ஒருநாள் தினகரன் போனில் சிரித்தார். “அண்ணா, அவளுக்கு இப்ப பிரேக்கும் பிடிக்கலையாம்.”

நானும் சிரித்தேன். சஸ்பென்ஷன், சத்தம், சீட், இப்போது பிரேக். அடுத்தது ஸ்டீயரிங்காக இருக்கும் என்று பந்தயம் கட்டினேன்.

“நீர் என்ன சொன்னனீர்?”

“வேற என்னங்கண்ணா, போகப் போகப் பிடிக்கும்னேன்.”

ஒரு வாரம் போனது. சனிக்கிழமை முற்பகல் இருவரும் கராஜில் வந்து இறங்கினார்கள். தினகரன் உற்சாகமாக இருந்தார். சுகந்தியின் முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாத முகத்தை வைத்தே நான் எச்சரிக்கையாகியிருக்க வேண்டும். அவர் கோபத்தில் நன்றாகப் பேசுகிறவர்.

“நீங்களே பார்த்துச் சொல்லுங்கண்ணா” என்று தினகரன் என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு எங்கள் தெருவில் ஒரு மிதி மிதித்தார். என் மூக்குக்கண்ணாடி டாஷ்போர்டில் போய் விழுந்தது. நானே ஓட்டிப் பார்த்தேன். அருமையான பிரேக். காரைத் தூக்கிக் கீழேயும் பார்த்தேன். பேட் தேயாமல் தடிப்பாக இருந்தது, கசிவு எங்கும் இல்லை. என்ன பேட் என்று கேட்டதற்கு, ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் ஒத்துவரும் என்று நண்பர் சொன்னதாகச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு சுகந்தியிடம் போனேன்.

“நல்லாப் பிடிக்குது பிள்ளை.”

“காலையில பிடிக்கலைங்க அண்ணா.”

“காலமை எனக்கும் ஒண்டும் பிடிக்கிறேல்லை. தேத்தண்ணி குடிச்சாப் பிறகுதான்.”

தினகரன் பலமாகச் சிரித்தார். சுகந்தி சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து தன் கார்ச் சாவியை எடுத்து என் மேசையில் வைத்தார்.

“இனிமே பாப்பாவ இந்த வண்டியில ஏத்த மாட்டேன். அந்த ஷிஃப்ட் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன். நான் சொல்றது யாருக்கும் கேக்கல.”

எனக்கு வெட்கமாக இருந்தது. முருங்கைக்காய்ச் சேலையோடு வந்து சண்டை போட்டவர், திருட்டுத்தனமாகத் திருகைத் தளர்த்தியவர். எதையும் சமாளிக்கத் தெரிந்த மனுஷி. அப்படிப்பட்டவர் பிடிக்காத ஒரு பிரேக்குக்காக, கேட்டு வாங்கிய ஷிஃப்டை விடுவாரா? எங்கேயோ நாங்கள் பிழையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று மட்டும் விளங்கியது. எங்கே என்று விளங்கவில்லை.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டிப் பார்த்தோம், கீழே பார்த்தோம், குறை இல்லை என்று எழுதி அனுப்புவது மிகவும் சுலபம். சட்டப்படி சரியும்கூட. ஆனால் முறைப்பாடு பிறந்த இடத்துக்கும் நேரத்துக்கும் நீங்கள் போகாதவரை நீங்கள் பார்த்தது வேறு காரை. நான் சாவியை எடுத்துச் சுகந்தியிடமே திருப்பிக் கொடுத்தேன்.

“திங்கள் காலமை நான் வாறன் பிள்ளை. நீங்கள் வெளிக்கிடுற நேரத்துக்கு. தம்பி, இப்ப வீட்டிலை கொண்டுபோய் நிப்பாட்டினால், அதுக்குப் பிறகு நான் வரும் வரைக்கும் ஒருத்தரும் வண்டியைத் தொடக்கூடாது.”

“ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பார்க்கக் கூடாதுங்களா?”

“தடவிக் குடுக்கவும் கூடாது.”

திங்கட்கிழமை தகனினியில் நல்ல பனி. புல் எல்லாம் வெள்ளை. அது அவர்கள் தெருவில் குப்பை எடுக்கும் நாள். எல்லா வீட்டு வாசலிலும் தொட்டிகள் வரிசையாக நின்றன. பெரியவற்றோடு, மிச்சச் சாப்பாடு போடும் அந்தக் குட்டிப் பச்சைத் தொட்டிகளும். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். பைஜாமாவோடு வேலியில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

நான் சாரதி சீட்டில் ஏறினேன். சுகந்தி பக்கத்தில். தினகரன் பின்னால், கையில் பெரிய கோப்பை நிறையக் காப்பியோடு. மூடி போட்ட கோப்பை கொண்டுவரலாமே என்றேன். “பிரேக் நல்லா இருக்குங்கண்ணா, சிந்தாது” என்றார்.

வண்டியை எடுக்கும்போது வேலியிலிருந்து மகள் கையை ஆட்டிக் கத்தினாள். “ஹோல்ட் ஆன், அங்கிள்! ஹோல்ட் ஆன்!”

ஏதோ சொல்ல வருகிறாள் என்று நினைத்து நான் காரை நகர்த்தாமல் காத்திருந்தேன். அவள் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு நின்றாள். சரி, சின்னப்பிள்ளை என்று புறப்பட்டேன்.

அவர்கள் தெரு சரிவாக இறங்கி ரவுண்டபவுட் என்கிற ஒரு சுற்றுவட்டச் சந்தியில் முடிகிறது. நான் கிழவன், கிழவன் மாதிரியே ஓட்டினேன். எதிரில் ஒரு காரும் இல்லை. ரவுண்டபவுட்டுக்கு நல்ல தூரம் இருக்கும்போதே பிரேக்கில் காலை வைத்தேன். மிதி கல்லுப் போல உறுதியாக இருந்தது. கார் மட்டும் அதைக் கண்டுகொள்ளாமல் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் அழுத்தினேன். கொஞ்சம் யோசித்தது, நிற்கவில்லை. ரவுண்டபவுட் கிட்ட வந்தது.

பின்னாலிருந்து தினகரன், “அண்ணா, பிரேக் பிடிங்க!” என்றார்.

“பிடிக்குதில்லை தம்பி!”

“பிடிங்கண்ணா!”

“பிடிக்குதில்லையடா!”

சுகந்தியின் கை ஏற்கெனவே ஹேண்ட்பிரேக்கில் இருந்தது. அவர் முன்னால் பார்த்தபடி, ஊசி போடுவதற்கு முன் நோயாளியைச் சமாதானப்படுத்தும் குரலில் சொன்னார்.

“போகப் போகப் பிடிக்கும்.”

சொல்லிவிட்டு இழுத்தார். நான் இடப்பக்கம் புல்லில் ஏற்றினேன். மூலை வீட்டுக் குட்டிப் பச்சைத் தொட்டி எங்களுக்கு அடியில் போய் நசுங்கியது. கார் அதன் மேல் உட்கார்ந்து நின்றது. பின் சீட்டில் தினகரனின் மடியில் காப்பி முழுவதும் இருந்தது, கோப்பை மட்டும் கீழே கிடந்தது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

மூலை வீட்டுக்காரர், ட்ரெஸ்ஸிங் கவுனில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவர், வந்து தொட்டியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். காலை வணக்கம் சொன்னார். பிறகு தினகரனிடம், “உங்கள் மனைவி ஓட்டினால் இதில் படாமல்தான் நிறுத்துவார்” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

தினகரன் புல்லில் முட்டுக்காலிட்டு அந்த வீட்டுக்காரரின் உருளைக்கிழங்குத் தோலையும் முட்டைக்கோதையும் பொறுக்கத் தொடங்கினார். பொறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“தினமும் இப்படியா?”

“முதல் ரெண்டு மிதிக்குப் பிடிக்காது. மோட்டர்வே போறதுக்குள்ள பிடிச்சிடும். இந்த இடத்துல மட்டும் ஹேண்ட்பிரேக்கக் கையில வெச்சுட்டு மெதுவா வருவேன். பாப்பா பயந்துடக் கூடாதுன்னு விளையாட்டு மாதிரி ஆக்கிட்டேன். நான் ஹோல்ட் ஆன்னு சொன்னா அவ சீட்டக் கெட்டியாப் பிடிச்சுக்குவா. சிரிப்பா.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பிள்ளை என்னைக் காத்திருக்கச் சொல்லவில்லை. கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். ஒரு வீட்டில் இருவர், ஒரு கராஜில் அனுபவசாலி ஒருவன், இவர்களுக்கு நடுவில் சரியான எச்சரிக்கை தந்தது ஆறு வயதுக்காரி. அதையும் நான் பிழையாகத்தான் விளங்கிக்கொண்டேன்.

“நீ சொன்னது... உனக்கு இஷ்டமில்லன்னு நினைச்சேன் சுகி” என்றார் தினகரன்.

“பிரேக் பிடிக்கலன்னா வேற எப்படிங்க சொல்றது? தமிழ்ல அதுதானே வார்த்தை?”

அதுதான் வார்த்தை. பழுதுக்கும் அதே சொல், வெறுப்புக்கும் அதே சொல். எங்கள் யாழ்ப்பாணத்தில் பிரேக் பழுதென்றால் பிடிக்குதில்லை என்போம். அவர் அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு முதல் நாளே உறைத்திருக்கும். ஆனால் குற்றத்தைக் கோயம்புத்தூர்த் தமிழில் போட்டுவிட்டு நழுவ முடியாது. நாலு முறை ஒரு சொல்லைக் கேட்ட காது, ஐந்தாவது முறை பொருளைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. தினகரனின் காது மட்டுமா, என்னுடையதும்தான்.

பேட்டைக் கழற்றிப் பார்த்தபோது விஷயம் வெளிவந்தது. அது முழுக்க முழுக்க ரேஸுக்கான வகை. நன்றாகச் சூடேறினால் மட்டும் டிஸ்க்கைக் கவ்வும், குளிரில் சோம்பலாக வழுக்கும். பென்ரோஸுக்கு மோட்டர்வேயில் வந்து இறங்கும்போது சூடாக இருந்ததால் என் கண்ணாடியைக் கழற்றி எறிந்தது. தினகரன் பொய் சொல்லவில்லை, சுகந்தியும் பொய் சொல்லவில்லை, போகப் போக உண்மையாகவே பிடித்தது. ரோட்டுக்கும் ஒத்துவரும் என்று நற்சான்று கொடுத்த நண்பரை விசாரித்தேன். அவருடைய கார் ட்ராக்குக்கு ட்ரெய்லரில் ஏறித்தான் போகுமாம். ரோட்டை அது மேலிருந்துதான் பார்த்திருக்கிறது.

இந்த முறை பேட் தெரிவு செய்தபோது முதல் கேள்வியைச் சுகந்தியிடம் கேட்டேன். வீட்டிலிருந்து புறப்பட்டால் முதல் முதலாக எங்கே பிரேக் போடுவீர்கள்? இதே கேள்வியை நீங்களும் கேளுங்கள். எத்தனை குதிரைச்சக்தி, எந்த ட்ராக், என்ன டயர் என்பதெல்லாம் பிறகு வரலாம். குளிர்ந்த காலையில் அந்த மிதியை முதலில் தொடும் கால் யாருடையது என்று தெரியாமல் பிரேக் விற்காதீர்கள். அந்தக் கால் மாறினால் உடனே வந்து சொல்லும்படியும் சொல்லி அனுப்புங்கள். குளிரிலும் உடனே கவ்வுகிற வகை ஒன்றைப் போட்டேன். தினகரனை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, ட்ராக்கில் இது அதிகம் தாங்காது, மூன்று சுற்று வேகமாக ஓட்டினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும் என்றேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டலும் உங்களுக்குப் பழகிவிடும்.

அடுத்த ட்ராக் நாளுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். சுகந்தியும் வந்திருந்தார், முதல் தடவையாக. வீட்டிலிருந்து சாம்பார் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. திருகு எந்த அளவில் இருந்தது என்று நான் கேட்கவில்லை. மடக்கு மேசையைப் போட்டு இட்லியை எடுத்து வைத்தார். மகள் ஒவ்வொரு கார் போகும்போதும் ஹோல்ட் ஆன் என்று கத்திக்கொண்டிருந்தாள். மூலை வீட்டுப் பெரியவருக்குப் புதுத் தொட்டி வாங்கிக் கொடுத்ததாகவும், அவர் அதை இப்போது வேலிக்கு உள்ளே வைப்பதாகவும் சுகந்தி சொன்னார். விடியற்கால ஷிஃப்ட் நன்றாகப் போகிறதாம்.

தினகரன் மூன்று சுற்று ஓட்டினார். நான்காவது சுற்றை ஆறவிடுவார் என்று பார்த்தேன். இல்லை. ஐந்தாவதும் அதே வேகம். பிறகு ஒரு கருகல் வாசனை வந்தது. சற்று நேரத்தில் வெள்ளைக் கார் வெகு தூரத்திலிருந்தே வேகத்தைக் குறைத்து, ஊர்ந்து ஊர்ந்து உள்ளே வந்தது. முன்சில்லு இரண்டிலும் மெல்லிய புகை. தினகரன் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை.

“அண்ணா, பிரேக் பிடிக்கல.”

சுகந்தி அவருக்கு ஒரு தட்டில் இட்லியை வைத்து, அதன் மேல் நிதானமாகச் சாம்பாரை ஊற்றி நீட்டினார்.

“எனக்குப் பிடிச்சிருக்கு” என்றார்.